தொட்டதெல்லாம் கணக்கு

ஓகஸ்ட் 9, 2025. சனி. பதுளை

சின்னக் கடைகளில் சோட்டீட்ஸ் தட்டு கேட்காமலே மேசைக்கு வந்துவிடும். ரோல்ஸ், பற்றிஸ், உளுந்து வடை எல்லாவற்றையும் குவித்து வைத்துவிட்டுப் போவார்கள். தின்றதற்கு மட்டும் காசு. பெரியவர்களுக்கு அருமையான ஏற்பாடுதான். மூன்று வயதுக்காரனும் ஒன்றரை வயதுக்காரியும் கூட இருந்தால் தொட்டதெல்லாம் கணக்கு. இன்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் சின்னவள் எல்லா ரோல்ஸையும் ஒரு கடி கடித்துத் தட்டில் திரும்ப அடுக்கிவிட்டாள். வடையைத் தொடவில்லை. அது எங்களுக்கு லாபம்.

ஆனாலும் அந்தக் கடைகளைக் குறை சொல்ல மனம் வராது. கொத்து அடிக்கிற இடம் வாசலிலேயே இருக்கும். தகடுகள் தடதடக்கத் தொடங்கினால் மகன் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவான். திறந்த வாயில் நாலு கவளம் வைத்துவிடலாம். அழுகிற பிள்ளைக்குக் கல்லாவிலிருந்து முதலாளி ஒரு வாழைப்பழம் நீட்டுவார். பிள்ளை மேசைக்கு மேசை போனால் அடுத்த மேசைக்காரர் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி. பசறைப் பக்கமிருந்து வரும் பஸ்களில் நிற்கவும் இடமில்லை. அந்த நெரிசலில்தான் அம்மாவும் வந்து இறங்கினார். அவரையும் கூட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு விளையாட இடமுள்ள பெரிய கடைக்குப் போனோம். கடைக்குள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பிளாஸ்டிக் சறுக்குமரம், பந்து நிரப்பிய தொட்டி, சுற்றிலும் வலை. அம்மா முதலில் கேட்டது:

"என்னா புள்ள, சோத்துக்குக் காசா, வெளையாட்டுக்குக் காசா?"

"ரெண்டும் சேத்துத்தான்மா."

அம்மாவுக்கு எதையும் பேர்க் கணக்கில்தான் பார்க்க வரும். 2024 செப்டெம்பரில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், 1,350 ரூபாய் ஆனது. விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, நாலு பேருக்கு மேல் போகும் என்றார். பத்து வீதம் சேவைக் கட்டணத்தை நான் சொல்லவில்லை.

தடுப்பில் ஓர் அறிவிப்பு: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு. ஆகவே சறுக்குமரம் உண்டு, பார்த்துக்கொள்ள ஆளில்லை. மகன் மேலே ஏறித் தலைகீழாக இறங்கப் பார்க்கிறான். சின்னவள் பந்துக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் நக்கிப் பார்க்கிறாள். ரைஸ் வந்தது. கணவர் எழுந்தால் நான் உட்கார, நான் எழுந்தால் அவர் உட்கார. பக்கத்து மேசையிலும் இதே கதை. அம்மாக்கள் சாப்பிடுவதற்கென்று போட்ட இடம் என்று நினைத்து வந்தவர்கள் எல்லாம் வலைக்கு வெளியே காவல் நிற்கிறோம்.

கொஞ்ச நேரத்தில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தடுப்புக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நம் பிள்ளைகள், பக்கத்து மேசைப் பிள்ளைகள், தமிழ், சிங்களம் எல்லாம் அவரைச் சுற்றி. சறுக்குகிற பிள்ளையைக் கீழே பிடிப்பது, தள்ளுகிற பிள்ளையை மடியில் இருத்துவது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் சுடச்சுடச் சாப்பிட்டேன். அம்மாவின் ரைஸ் ஆறிப்போய்ப் பார்சலானது.

ஓகஸ்ட் 11, திங்கள். இரவு

நேற்றைய காட்சி மனதை விட்டுப் போகவில்லை. நான் வளர்ந்தது நமுனுகுல மலையடித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில். வளையில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், ஓர் ஆயம்மா, திரிபோஷா மாவைத் தேங்காய்ப்பூ சீனியோடு பிசைந்த உருண்டை. பால் கொடுக்கிற தாய்மார் மலையிலிருந்து ஓடிவருவார்கள், கூடையை வாசலில் வைத்துவிட்டு.

அதைக் கருணை என்று யாரும் எண்ண வேண்டாம். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. பிறகு பல முறை திருத்தப்பட்டது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட, வேலை நாளில் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்கிறது. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம் போதும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். காம்பரா கட்டிய தோட்டத்துக்கு ஒரு தாயிடமிருந்து நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அந்த மணி நேரத்தில் எவ்வளவு கொழுந்து ஆயலாம் என்று அம்மாவைக் கேட்டால் உடனே சொல்வார்.

இப்போது அவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். பெயர் எதுவானாலும், அந்த ஏற்பாட்டின் உயிர் ஆயம்மாதான். தோட்டத்துரைக்குக்கூடத் தெரிந்திருந்தது, தொட்டிலை மட்டும் கட்டிவிட்டால் தாய் மலைக்குப் போகமாட்டாள் என்று. நகரத்துக் கடைக்காரர்களுக்கு இது இன்னும் தெரியவில்லை. இரண்டாவது சறுக்குமரம் வாங்குகிற காசில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஓர் ஆயம்மாவை வைக்கலாம். நாங்களும் ஆறவமரச் சாப்பிட்டு, இன்னொரு வட்டிலப்பமும் கேட்போம். கடைக்கும் அது நல்லதுதானே.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

அம்மா இன்னும் ஊருக்குப் போகவில்லை. மகன் நேற்று சோற்றைத் தள்ளிவிட்டதற்கு அவர் பட்ட பதற்றம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தேன். 2016இன் நாடளாவிய சுகாதார ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 32 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 17 வீதம். கிளினிக் கார்டின் கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை வளர்த்த கைக்கு, மிச்சம் வைத்த சோறு சின்ன விஷயமில்லை. விளையாடிவிட்டு வந்து தின்னட்டும் என்று சொல்கிற துணிவு எனக்கு வந்ததே மாதச் சம்பளத்தால்தான்.

சாயங்காலம் தேத்தண்ணி குடிக்கும்போது நேற்று எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஆயம்மா யோசனையைக் கேட்டுக் கணவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"அப்பிடி ஒரு ஆள் வச்சா, அந்தக் கடையில ஒரு பேருக்கு எவ்வளவு குடுப்பாங்க?"

"தெரியலையேம்மா."

"பில்லுல நம்பர் இருக்கும்ல. கேட்டுத்தான் பாரேன்."