அமானிதமும் கடவுச்சொல்லும்

பிறர் இல்லத்துள் புகுமுன் சலாம் உரைத்து அனுமதி பெறுதல் நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். அவ்வொழுக்கத்தைக் கணினிக்குக் கற்பிக்க மறந்து, பின் நாணியவர் நாம்.

ஜக்காத் நிதியால் பயிலும் மாணவர் பட்டியலைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்திருந்தோம். இணைப்பு விதிகளுக்குரிய கோப்பில் ‘டிரஸ்ட்’ என்றொரு சொல் இருந்தது. நம்பிக்கை என்னும் அழகிய பொருளுடைய அச்சொல், எவர் எப்பெயர் சொல்லி வரினும் கடவுச்சொல் கேளாது உள்ளே விடுமாறு பணித்தது. ஒருநாள் ஆய்வகத்தில் பயிற்சி செய்த மாணவர் சிலர் அப்பட்டியலைத் திறந்துவிட்டனர். அவர்களுள் ஒருவன் பெயரும் அதில் இருந்தது. தோழர் முன்னிலையில் அவன் தலைகவிழ்ந்தான், குற்றவாளிகள் நாமே.

அன்றே திருத்த முனைந்தோம். 2017-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு முதல் அத்தளத்தில் ‘ஸ்கிராம்’ என்னும் முறை உண்டு. அதில் கடவுச்சொல் கம்பிவழிச் செல்வதில்லை. ஒவ்வொரு முறையும் வழங்கிக் கணினி விடுக்கும் புதிய வினாவுக்கு, அச்சொல்லை அறிந்தவர் மட்டுமே கணிக்கத்தக்க விடையே செல்கிறது. வழங்கியும் தன் மெய்மையை நிறுவுகிறது. முதலில் பயனர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் அமைத்தோம்; பின்னரே ‘டிரஸ்ட்’ வரியை மாற்றினோம். முறை பிறழ்ந்திருப்பின் நாமே வாயிலுக்கு வெளியே நின்றிருப்போம். ஆளை அறிவது வேறு, உரிமையை வரையறுப்பது வேறு. ஆதலால் பட்டியலைக் காணும் உரிமையை இருவருக்கே அளித்தோம்.

மாணவமணிகளே! கொடுத்ததைப் பிறர் அறியாது காப்பதும் கொடையின் ஒரு பகுதி. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பெயர் ஒவ்வொன்றும் அமானிதம். அதற்குக் காவல் அமைத்த பின்னரே அம்மாணவனின் முகத்தை நம்மால் நேர்நோக்க இயன்றது.