ஐந்து தங்கமும் ஒரு சிலேட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் டாக்டர் என்னை மாத்திரையிலிருந்து இன்சுலின் ஊசிக்கு மாற்றிவிட்டார். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை இருந்தாலும், ஊசி என்றதும் மனசு ஒடிந்துபோனது. நாலு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கல்லூரியில் படிக்கும் பேரன்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாட்டி, இவரும் ஊசி போட்டுக்கிட்டவர்தான், பாருங்க" என்று செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான்.

அது ஒரு படகுப் போட்டி. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக். நாலு பேர் துடுப்பு போடுகிறார்கள். நம் ஊர்ப் பரிசல் மாதிரி இல்லை, ஊசி போல நீளமான ஒல்லிப் படகு. போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். 2000 மீட்டர் தூரம், ஏறக்குறைய ஆறு நிமிஷம். கடைசியில் இத்தாலிப் படகு நெருங்கி வர, பிரிட்டன் படகு 0.38 வினாடியில் முந்தியது. கண்ணை ஒரு முறை இமைக்கிற நேரம்தான். ஜெயித்ததும் அந்தப் படகிலிருந்த மேத்யூ பின்சென்ட் எழுந்து, நடுவில் இருந்தவரைத் தாண்டி வந்து ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, அப்படியே தண்ணீரில் விழுந்தார். அவர் கட்டிப்பிடித்த ஆள்தான் ஸ்டீவ் ரெட்கிரேவ். அப்போது வயது 38. அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக் தங்கம்.

ஒரே ஒலிம்பிக்கில் ஐந்து வாங்கவில்லை, கவனியுங்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ், 1988 சியோல், 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா, 2000 சிட்னி. ஐந்து ஒலிம்பிக், ஐந்து தங்கம். நடுவில் ஒன்றுகூடத் தவறவில்லை. படகுப் போட்டி மூச்சையும் முதுகையும் பிழிந்து எடுக்கும் விளையாட்டு. அதில் பதினாறு வருஷம் உச்சியிலேயே நிற்பது என்றால் சாதாரணமா?

அட்லாண்டாவில் அந்த முறை பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அவரும் பின்சென்டும் வாங்கியதுதான். களைத்துப்போய், இனிமேல் என்னைப் படகுப் பக்கம் பார்த்தால் சுட்டுவிடுங்கள் என்கிற மாதிரி அங்கேயே சொல்லிவிட்டார். ஆனால் சில மாதங்களில் திரும்பவும் பயிற்சிக்கு வந்துவிட்டார். அடுத்த வருஷம், 1997-ல், அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. பெருங்குடல் புண் நோய் அதற்கு முன்பே, பார்சிலோனா போட்டி நடந்த வருஷத்திலேயே வந்துவிட்டது. நம் வீட்டில் என்றால் என்ன சொல்வோம்? "போதும்பா, நாலு தங்கம் வாங்கியாச்சு, வீட்டில் இரு" என்போம். அவரோ இன்சுலின் போட்டுக்கொண்டு, ஒரு நாளில் பல முறை விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, மலை மாதிரி சாப்பிட வேண்டிய பயிற்சியையும் விடாமல் செய்து, சிட்னிக்குப் போனார். அந்த வருஷம் ஒலிம்பிக்குக்கு முன்னால் லூசர்னில் நடந்த போட்டியில் அவர்கள் படகு நாலாவதாகத்தான் வந்தது. அதைத் தாண்டித்தான் அந்த 0.38 வினாடி.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று ராத்திரி பேரன் உதவி இல்லாமல் நானே ஊசி போட்டுக்கொண்டேன்.

பதிவு இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பேரன் இன்னொன்றும் சொன்னான். "பாட்டி, இவருக்கு டிஸ்லெக்சியாவும் உண்டு. சின்ன வயசில் படிக்கவே வராதாம். பதினாறு வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுட்டார்." இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் மார்லோ என்ற சின்ன ஊர். எழுத்துக் கூட்டத் தடுமாறிய அந்தப் பையனைப் படகு ஓட்ட வருகிறாயா என்று முதலில் கேட்டவர் யார் தெரியுமா? அவனுடைய பள்ளியின் ஆங்கில ஆசிரியர், பிரான்சிஸ் ஸ்மித்.

ஆங்கில ஆசிரியர்! எந்தப் பாடத்தில் அந்தப் பையனுக்கு வரவில்லையோ, அதே பாடத்தின் ஆசிரியர்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பையன் கண் முன்னால் வந்து நின்றான். பெயர் வேண்டாம். 'படம்' என்று எழுதச் சொன்னால் சிலேட்டில் 'டபம்' என்று எழுதுவான். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். நான் ஆசிரியர் பயிற்சி முடித்த காலத்தில் டிஸ்லெக்சியா என்ற சொல்லை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அவனுக்குத் திமிர் என்றே நினைத்தேன். மக்கு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அடிக்கவும் செய்தேன். அதே பையன்தான் பள்ளிக்கூட அடிபம்பு ரிப்பேரானபோது ஸ்பேனரை வாங்கி அரை மணி நேரத்தில் சரிசெய்தான். கை கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

இப்போது அவன் பக்கத்து ஊரில் மோட்டார் பம்ப்செட் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். போன வாரம் எங்கள் வீட்டு மோட்டாரைப் பார்க்க அவனையே வரச் சொன்னேன். வேலை முடிந்ததும் காபி கொடுத்துவிட்டு, "உன்னை அன்னைக்கு அடிச்சது என் தப்புப்பா" என்றேன்.

"என்ன டீச்சர் இது, நீங்க அடிச்சதாலதான் நான் ஒரு ஆளா இருக்கேன்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அதற்கு மேல் அவன் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "என் பொண்ணு நாலாவது படிக்குது டீச்சர். அதுவும் என்னை மாதிரியே எழுத்தை மாத்தி மாத்திப் போடுது. ஒரு நாள் கூட்டிட்டு வரேன், நல்லா மிரட்டி வையுங்க."

மிரட்ட மாட்டேன் என்று சொல்லி, கூட்டிவரச் சொன்னேன். சனி, ஞாயிறுகளில் வருகிறாள். ஒரு தட்டில் மணலைப் பரப்பி விரலால் பெரிதாக எழுதிப் பழகுகிறோம். நான் ஒரு கதையை வாசிக்க அவள் கேட்டுத் திருப்பிச் சொல்கிறாள். ஒரு வரி விடாமல் சொல்கிறாள். முறையாகப் பரிசோதிக்க ஒரு நிபுணரிடம் அழைத்துப்போகவும் அப்பாவைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். நேற்று 'படம்' என்பதை இரண்டு முறை சரியாக எழுதினாள், மூன்றாவது முறை மாறிவிட்டது. பரவாயில்லை என்றேன்.

இப்போது வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சிலேட்டில் எழுத்து மாறிப்போகும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். கோபம் வந்தால் ஒரு நிமிஷம் பொறுத்து, அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன நன்றாக வரும் என்று பாருங்கள். நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

ஊசி போடும் நேரமாகிவிட்டது. பிறகு பேசுவோம்.