எந்த விண்டோ எந்த சர்வர்? டெர்மினலுக்குக் கலர் அடிக்கும் கதை

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசாமிகளின் மானிட்டரை எட்டிப் பார்த்தால் நாலைந்து கறுப்பு விண்டோக்கள் திறந்திருக்கும். இவைதான் டெர்மினல்கள். ஒன்று வாடிக்கையாளர்களின் டேட்டா இருக்கும் நிஜ சர்வரோடு பேசும், இன்னொன்று சோதனை சர்வரோடு. பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். வில்லங்கமே அங்கேதான்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் தளத்தில் நடந்ததைப் பாருங்கள். புரோகிராமர்கள் தங்கள் கோடை வைத்துக்கொள்ளும் தளம் அது. அங்கே முக்கிய டேட்டாபேஸ் சர்வர் ஒன்று, அதன் நகலாக இன்னொன்று. நகல் பின்தங்கிவிட்டது. அதிலுள்ள டேட்டாவை அழித்துவிட்டு முதலிலிருந்து நகலெடுக்கலாம் என்று ஒரு இன்ஜினியர் முடிவு செய்தார். முடிவு சரி, கமாண்டும் சரி. ஆனால் அடித்தது முக்கிய சர்வரில்! ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான்.

வழக்கமான பேக்கப்புகளும் கைவிட்டுவிட்டன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்த டேட்டா போனது போனதுதான்.

இனி இப்படி நடக்காமலிருக்க அவர்கள் எழுதிய பட்டியலில் ஒரு சின்ன விஷயமும் இருந்தது: கமாண்ட் அடிக்கும் வரியில் நிஜ சர்வருக்குச் சிவப்பு, சோதனை சர்வருக்கு மஞ்சள்.

நல்ல யோசனைதான். ஆனால் கொஞ்சம் யோசித்தால் ஒன்று இடிக்கும். அன்று குழம்பிய இரண்டுமே நிஜ சர்வர்கள்! பெயரிலும் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். இரண்டுக்கும் சிவப்பு அடித்திருந்தால் என்ன பிரயோஜனம்? நிஜம், சோதனை என்று பிரிப்பது மட்டும் போதாது. முக்கிய சர்வருக்கு ஒன்று, நகலுக்கு ஒன்று என்று, எந்த இரண்டு மாறிப்போனால் ஆபத்தோ அந்த இரண்டுக்கும் கலர் வேறாக இருக்க வேண்டும்.

சரி, கலர் அடிப்பது எப்படி? இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, நம் கம்ப்யூட்டரிலேயே செய்வது. புட்டி சாஃப்ட்வேரில் ஒவ்வொரு செஷனுக்கும் தனிப் பின்னணி நிறம் கொடுத்து சேமித்துக்கொள்ளலாம். சுலபம்தான், ஆனால் ஒரு ஓட்டை உண்டு. சோதனை சர்வருக்குள் போய், அங்கிருந்தே நிஜ சர்வருக்குத் தாவினால், விண்டோ பழைய நிறத்திலேயே இருக்கும். கலரே பொய் சொல்லும்.

இரண்டாவது வழி, அந்தந்த சர்வரிலேயே செய்வது. லினக்ஸில் பாஷ் உபயோகித்தால், கமாண்ட் வரியின் தோற்றத்தை பிஎஸ்1 என்ற செட்டிங் தீர்மானிக்கிறது. அதில் நிறத்துக்கான குறியீட்டைச் சேர்த்தால் போதும். 41 என்றால் சிவப்புப் பின்னணி, 43 என்றால் மஞ்சள். எங்கிருந்து தாவி வந்தாலும் அந்த மெஷினின் நிறம்தான் தெரியும்.

இன்னும் இரண்டு விஷயம். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அதனால் கலரோடு சர்வரின் வேலையையும் "முக்கியம்", "நகல்" என்று எழுத்தில் காட்ட வேண்டும். அப்புறம், இருபது சர்வருக்கு இருபது கலர் அடித்தால் எதுவும் மனதில் நிற்காது. மூன்று நான்கு போதும். அழித்தால் திரும்பக் கிடைக்காத டேட்டா எங்கே இருக்கிறதோ, சிவப்பு அங்கே மட்டும் இருக்கட்டும்.