வளையலும் படகும்

பாம்பன் கரையில் வருஷக்கணக்காய்க் காய்ந்து கிடந்த பழைய மோட்டார் படகை நான் வாங்கியபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் இனி என்ன சொல்வாள்?

பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்துக் குங்கிலியம் பூசினார் ஓடாவி. நான் டீசல் எஞ்சினோடு மூன்று மாதம் மல்லாடினேன். சாதத்தில்கூட கிரீஸ் வாசனை!

இறக்கிய அன்றே தண்ணீர் உள்ளே புகுந்தது. எனக்குக் கண் இருட்டியது.

"பதறாதீங்க ஐயா, காஞ்ச பலகை ஊறினா தானா இறுகும்" என்று ஓடாவி வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு ராத்திரி நானும் அவளும் வாளியால் இறைத்தோம். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில்லை. மூன்றாம் நாள் அடியில் ஒரு சொம்புத் தண்ணீர்தான். எஞ்சின் இருமியது, தும்மியது, ஓடியது.

கடல் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.