களிமண்ணில் ஒரு போர்க்களம்

யுத்தச் சரித்திரம் படிக்கும்போது, ஜெயித்த தளபதிகளை நான் சீக்கிரமே மறந்துவிடுகிறேன். மறக்க முடியாதவர், பிரிட்டிஷ் சேனையின் டெவன்ஷயர் ரெஜிமெண்டைச் சேர்ந்த காப்டன் டங்கன் மார்ட்டின்.

1916-ல், பிரான்ஸில் ஸோம் நதிப் பக்கம், மாமெட்ஸ் கிராமத்தைத் தாக்க வேண்டுமென்று உத்தரவு. லீவில் வந்த மார்ட்டின், குழந்தைகள் பொம்மை செய்யும் பிளாஸ்டிஸீன் களிமண்ணில் அந்த நிலத்தைச் சிறிதாகச் செய்து பார்த்தார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி இருக்குமானால், தம் ஆட்கள் மான்ஸெல் தோப்பருகே மடிவார்கள் என்று கண்டுகொண்டார். உத்தரவு மாறவில்லை.

ஜூலை முதல் தேதி காலை, அங்கேதான் விழுந்தார்கள், அவரும் விழுந்தார். தாங்கள் புறப்பட்ட பதுங்கு குழியிலேயே புதைக்கப்பட்டார்கள். அங்கே 163 கல்லறைகள். ஏறக்குறைய அத்தனை பேரும் டெவன்ஷயர் வீரர்கள். ‘இந்தக் குழியை அன்று காத்தார்கள்; இன்றும் காக்கிறார்கள்’ என்ற பொருளில் தோழர்கள் மரப்பலகையில் எழுதிவைத்தார்கள். இப்போது அது கல்லில் இருக்கிறது.

அழகான வாசகந்தான். ஆனாலும் என் மனத்தை அறுப்பது அந்தக் களிமண்தான். தெரிந்தும் தன் ஆட்களோடு நடந்தவனை என்னவென்று சொல்வது? வீரன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள, உத்தரவு போட்டவர்களால் முடியலாம். என்னால் முடியவில்லை.