ஒரே அறையை நம்பிய நான்கு சக்கரங்கள்

1965ஆம் ஆண்டு செவர்லே சி-10 பிக்கப்பின் போனட்டைத் தூக்கினால், டிரைவர் பக்கத் தடுப்புத் தகட்டில் ஒரு வார்ப்பிரும்பு மாஸ்டர் சிலிண்டர் தெரியும். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே அறை. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் போவது அங்கிருந்துதான்.

மிஷிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அந்த உப்பு என் சி-10 வண்டியின் பின் பிரேக் பைப்பை அரித்து, ஒருநாள் பைப் வெடித்தது. பெடல் அடிவரை இறங்கியது. முன் பிரேக்கில் எந்தக் கோளாறும் இல்லை; ஆனாலும் அதுவும் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டுத்தான் வண்டியை நிறுத்த முடிந்தது. பின்னால் பைப் போனால் முன்னால் ஏன் பிரேக் போக வேண்டும்? 1965 வரை இதை யாரும் யோசிக்கவே இல்லையா? பழைய சர்வீஸ் மானுவல்களையும் காப்புரிமை ஆவணங்களையும் புரட்டத் தொடங்கினேன்.

தேடல் 1917இல் மால்கம் லாக்ஹீடிடம் போய் நின்றது. விமானத் தொழிலில் பேர் பெற்ற லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர். அதுவரை பிரேக் என்றால் கம்பியும் கேபிளும்தான். ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மூடிய குழாயில் உள்ள திரவம் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தைத் தரும் என்ற பாஸ்கல் விதியை வைத்து அவர் அந்தத் தொல்லையைத் தீர்த்தார். 1921இல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. தோல் சீல்கள் கசிந்ததால், கிரைஸ்லர் பொறியாளர்கள் ரப்பர் கப்புகளைப் போட்டு 1924இல் தங்கள் காரில் பொருத்தினார்கள். ஃபோர்டு 1939இல்தான் இறங்கிவந்தது.

எந்த விதி நான்கு சக்கரத்துக்கும் சம அழுத்தம் தந்ததோ, அதே விதிதான் ஓரிடத்தில் கசிந்தால் எல்லா இடத்திலும் அழுத்தத்தை விழவைக்கிறது. மருந்தும் எளியதே: ஒரே சிலிண்டருக்குள் வரிசையாக இரண்டு பிஸ்டன், மேலே இரண்டு அறை. ஒரு பக்க ஆயில் முழுக்கப் போனாலும் பெடல் கொஞ்சம் இறங்கி மறுபக்கம் பிடிக்கும்.

என்னை உலுக்கியது இந்த இரட்டை அறை வந்த ஆண்டுதான். 1962இலேயே இது கெடிலாக்கில் இருந்தது. கெடிலாக் பணக்காரர் கார், விடுங்கள். அதே ஆண்டு ராம்ப்ளரிலும் இருந்தது. அது சாதாரணக் குடும்பங்கள் வாங்கிய கார். அப்படியானால் செலவு ஒரு காரணமே இல்லை. 1964இல் அமெரிக்க அரசு, தான் வாங்கும் கார்களுக்குப் பாதுகாப்பு விதிகள் வகுக்கச் சட்டம் போட்டது. 1967 மாடல்களுக்கான அந்த விதிகளின் பட்டியலில் இரட்டை அறை பிரேக்கும் இருந்தது. சி-10க்கும் 1967 மாடலில் இரட்டை அறை வந்தது. 1968 ஜனவரியில் எல்லாப் பயணிகள் கார்களுக்கும் அது கட்டாயமானது. என் வண்டி பிறந்தபோது தீர்வு கைவசம் இருந்தது, வாங்கியவருக்கு யாரும் கொடுக்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

பைப்புகளைப் புதிதாக்கி இரட்டை அறை சிலிண்டரை மாட்டினேன். வண்டியில் ஏற்றுமுன் அதை வைஸில் இறுக்கி, இரண்டு வாயிலிலிருந்தும் சிறு குழாய்களை அந்தந்த அறை ஆயிலுக்குள் வளைத்து விட்டு, பிஸ்டனை மெதுவாக அமுக்க வேண்டும். கடைசிக் குமிழி நிற்கும்வரை விடக்கூடாது. இங்கே ஏர் தங்கினால் சக்கரத்தில் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கும்.

முன் சக்கர டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்ற விரும்பினால், அது இதற்குப் பிறகுதான். சி-10க்கு 1971இல் டிஸ்க் வந்ததால் அந்தக் கால முன்பாகங்களை இதில் ஏற்ற முடிகிறது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. டிரம் பைப்பில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு டிஸ்க் பக்கம் இருந்தால் பேட் உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும். டிரம் ஷூ சுழற்சியிலேயே தன்னை இறுக்கிக்கொள்ளும், டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை. அதனால் பூஸ்டரும் தேவைப்படும். காலிப் பிக்கப்பின் பின்பாகம் லேசானது என்பதால் பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வையும் மறக்க வேண்டாம்.

1967க்கு முந்தைய பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்றே அந்த மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே அறைதான் என்றால், பெயின்ட், சக்கரம், டிஸ்க் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள்.