பட்டத்தில் ஏறிய பொடியனும் நாங்கள் கீறிய ட்றைக்கும்

2021 மார்கழியில் பருத்தித்துறைப் பக்கம் பட்டம் ஏத்தின ஒரு பொடியன் கயிற்றோடையே மேலே போன காணொளியை நாங்களும் பார்த்துச் சிரித்தோம். கூட நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள், அவர் மட்டும் விடவில்லை. நல்லகாலம், உயிர் தப்பினார். சிரிப்பு அடங்கின பிறகு எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது: அவர் அந்தப் பட்டத்தைத் தானே திருப்பி இறக்கியிருக்க என்ன வேண்டும்?

அப்படித் தேடித்தான் ட்றைக்கிடம் வந்து சேர்ந்தோம். அதுவும் பிறப்பால் ஒரு பட்டம்தான். அமெரிக்காவில் பிரான்சிஸ் ரொகாலோவும் மனைவி கெர்ட்ரூடும் வீட்டுக் குசினித் திரைச்சீலையை வெட்டி, வளையும் துணிச்சிறகு ஒன்றைச் செய்து, 1948இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1960களில் விண்கலங்களைத் தரையிறக்க நாசா அதைப் பரிசோதித்தது. பிறகு மனிதர் தொங்கிப் பறக்கும் கிளைடர் வந்தது. அதன் கீழே மூன்று சில்லு, இருக்கை, எஞ்சின் எல்லாம் தொங்கவிட்டால் ட்றைக்.

வாலும் இல்லை, சுக்கானும் இல்லை. முன்னால் ஒரு குறுக்குத்தடி மட்டும். அதைத் தள்ளினால் மூக்கு மேலே எழும்பி வேகம் குறையும். இழுத்தால் வேகம் கூடும். வலப்பக்கம் தள்ளினால் எங்கள் பாரம் இடப்பக்கம் போய், சிறகு இடப்பக்கம் திரும்பும். தொங்கும் புள்ளியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் பறக்கும் வேகமே மாறும். முச்சை கட்டிப் பழகினவர்களுக்கு இது உடனே விளங்கும்.

ஒரு கொப்பியில் இரண்டு பேருக்கான ட்றைக் ஒன்றைக் கீறினோம். முதலில் கார் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை. தனியாகப் பறந்தால் ஒரு பக்கம் சரியுமே! அழித்துவிட்டு ஒன்றின் பின் ஒன்றாகக் கீறினோம். பின் இருக்கை தொங்கும் புள்ளிக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இருந்தால், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமநிலை பெரிதாக மாறாது. ஆனால் பாரம் சும்மா விடாது: மொத்த எடை 25 சதவீதம் கூடினால், விழாமல் பறக்கத் தேவையான குறைந்த வேகமும் ஏறக்குறைய 12 சதவீதம் கூடும்.

படம் முடிந்தது எண்டு நினைத்தோம். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த தோழி, சிறகும் வண்டியும் சேரும் இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த ஒரு போல்ற் அறுந்தா?"

ஒருத்தரும் கதைக்கவில்லை. இரண்டு உயிரையும் ஒரு போல்ற்றில் தொங்கவிட்டிருந்தோம். பிறகு பார்த்தால், உண்மையான ட்றைக்குகளில் அந்த இடத்தில் மேலதிகமாக ஒரு கம்பியோ பட்டியோ போட்டிருக்கிறார்கள்.

அது மட்டுமில்லை. பாரம் கீழே இழுக்கும் வரைக்கும்தான் தடிக்கு அதிகாரம். மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி, வேகம் செத்து, பாரமே இல்லாமல் போகிற நொடியில் தடியை எங்கே தள்ளினாலும் பயனில்லை. சிறகு குட்டிக்கரணம் போடலாம். ஓட்டுகிறவர் அந்த எல்லைக்கே போகக்கூடாது. பின்னால் இருக்கிறவரோ அவரை நம்பித்தான் இருக்கிறார்.

நாங்கள் ட்றைக் செய்யவில்லை. காசும் பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் செய்யவும் கூடாது. கொப்பி மட்டும் இருக்கிறது. அதில் போல்ற்றுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் இரண்டாவது கோடு ஒன்று கீறியிருக்கிறோம். அந்தக் காணொளியை இப்பவும் யாராவது அனுப்புவினம். முன்ன மாதிரிச் சிரிப்பு வருகுதில்லை. அந்தப் பொடியனிட்ட இருந்ததும் ஒரே ஒரு கயிறுதான்.